நாற்பத்தோராவது வரி

மண்டபத்தில், மூடிப்போன ஐஸ் கம்பெனியின் மாடியில்
எங்கள் மையம்.
பலகையில் பல்கலைக்கழகம் பெரிதாக,
அனஸ்தாசி ரொட்ரிகோ சிறிதாக.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம்.
அப்போது படியேறி வருகிறவர்கள்
ஐஸ் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவருடைய பதினேழு நோட்டுகள் இரும்பு பீரோவில்.
பாதி, ஆஸ்பத்திரி டூட்டி ரிஜிஸ்டர்கள்.
முன்பக்கம் காய்ச்சல், பேதி, திருக்கை முள்.
பின்பக்கம் கோட்பாடு.
உப்புக்காற்று குண்டூசிகளைத் தின்றுவிட்டது,
ஒவ்வொரு தாளின் மூலையிலும்
துருவின் இரண்டு பல்தடம்.

‘எங்கே வலிக்கிறது என்று கேட்காதே,
எந்த வேலை நின்றது என்று கேள்.’
முதல் நோட்டு, நான்காம் பக்கம்.
மற்றதெல்லாம் இதற்கு உரை என்பார்
இயக்குநர் ஜெசிந்தா மேடம்.
வலை இழுக்கிறவனின் தோள்,
ஆட்டுக்கல்லில் ஒருத்தியின் மணிக்கட்டு;
நின்ற வேலையின் பெயரே நோயின் பெயர்.
அது மறுபடி தொடங்கும் நாள்தான் குணம்.
மருந்து நடுவில் எங்கோ வருகிறது.

நாங்கள் அதை நாற்பது வரியாக்கினோம்.
வரிக்கு, பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண்.
நம்பகத்தன்மை புள்ளி எட்டு ஏழு.
சென்னைக் கருத்தரங்கில் கைதட்டினார்கள்.
மூன்று வருட நிதி, இரண்டு லேப்டாப்,
ஓர் ஆண் செவிலியன்: நான்.

சின்னப்பாலத்தில் பூமயில் கரையேறும் நேரம்.
சேலைக்கு மேல் மகனுடைய டீஷர்ட்,
விரல் விரலாகச் சுற்றிய துணி,
கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய வட்டம்.
மரிக்கொழுந்துப் பாசியைத்
தார்ப்பாயில் உதறிக்கொண்டே பதில் சொன்னார்.

தண்ணி தூக்குறது நின்னுச்சா?
நிக்கல.
குனிஞ்சு பெருக்குறது?
நிக்கல.
மூச்சடக்கி முங்குறது?
நிக்கல தம்பி.
மாடிப்படி ஏறுறது?
எங்க வீட்ல ஏது மாடி.

நாற்பதுக்கும் பூஜ்யம்.
எங்கள் கணக்குப்படி
இந்தக் கரையிலேயே ஆரோக்கியமான பெண் அவர்தான்.
பேனாவை மூடினேன்.
அவர் விரல் துணியை அவிழ்த்தார்,
துணியோடு கொஞ்சம் தோலும் வந்தது.
வலது கையில் மூன்று நகம் இல்லை.

“வேல நிக்கவே மாட்டேங்குதே,
அதுக்கு எத்தன மார்க்கு?”

பக்கத்துத் தார்ப்பாய்ப் பெண்கள் சிரித்தார்கள்.
நானும் சிரிக்கலாமா
என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி பதினேழு நோட்டையும் புரட்டினோம்.
இல்லை.
ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அனஸ்தாசி.
வேலை நின்றவர்கள்தான்
வாசல்வரை வந்தார்கள்.
மற்றவர்கள்
கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார்கள்.

“அந்தம்மாவத் தப்புன்னு சொல்றதுக்கா
நமக்குச் சம்பளம்?” என்றார் மேடம்.
பாம்பன் பாலத்துப் பக்கமிருந்து
ஏதோ ரயில் சத்தம்.
பிறகு அவரே பென்சிலைச் சீவினார்.
நாற்பதுக்குக் கீழே, கை கொஞ்சம் நடுங்க:
‘எந்த வேலையை நிறுத்த முடியவில்லை?’

புள்ளி எட்டு ஏழு விழுந்துவிடும் என்றார்.
விழட்டும் என்று
இரண்டு பேருமே சொல்லவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் புதுப் படிவத்தோடு போனேன்.
பூமயில் கடலுக்குள் இருந்தார்.
தூரத்தில் பத்துப் பன்னிரண்டு தலைகள்,
முங்குவதும் எழுவதுமாக;
எது அவர் தலை என்று எண்ணி எண்ணித் தப்பினேன்.
மடியில் நாற்பத்தோரு வரி,
பையில் பஞ்சு, களிம்பு, பிளாஸ்க்கில் வெந்நீர்.

எதை முதலில் எடுப்பது என்பதற்கு
நோட்டில் பதில் உண்டு.
இரண்டாவது நோட்டு, கடைசிப் பக்கம்,
மீன் விலைக் கணக்குக்கும் மாதா ஜெபத்துக்கும் நடுவில்:
‘முதலில் உன் கையைக் கழுவு.’